உரத்துச் சொன்ன அளவு

அன்றைக்கு ஹோட்டல் வாசல் கேற்றடியில் நின்றவர்கள்.

மிஸ்.

நான்.

நசீர் நானா. நகரசபையின் வான் ஓட்டுகிறவர். கிண்ணியா ஆள்.

ஹோட்டல் முதலாளி. வெள்ளைச் சேட்டு. காலில் செருப்பில்லை.

அவருடைய மனேஜர். கையில் தட்டு. தட்டில் செவ்விளநீர் மூன்று.

திரேசாக்கா. எங்கட ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கிறவ.

திரேசாக்காவுக்குப் பின்னால் எங்கட ஒழுங்கைப் பெண்கள். பதினைந்து பேருக்குக் குறையாது.

ரோட்டுக்கு மற்றப் பக்கம் ஒரு மான். ஹோட்டல் மிச்சச் சாப்பாட்டுக்கு நிற்கிறது. இந்த விசயத்தில் அதுக்கு ஒரு பக்கமும் இல்லை.

பெண்கள் வந்தது எங்களை மறிக்க. முதலாளியை இல்லை. எங்களை.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மிஸ்.

மிஸ் என்றால் சபையில் வரிப் பகுதியில் இருந்த உத்தியோகத்தர். கந்தோரில் இருக்கிற பெண் உத்தியோகத்தர் எல்லாரையும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் தெரியும். எழுதவில்லை. அவ விரும்பமாட்டா.

வீடு வளவுக்குச் சபைக்குக் கட்டுகிற வரியைச் சோலைவரி என்போம். அதுக்கு வீட்டை அளக்க வேணும். எத்தனை மீற்றர் நீளம், எத்தனை அகலம், கல்லோ தகரமோ, மேல்மாடி உண்டோ. அளந்து மேலே அனுப்பினால் அங்கே பெறுமதி போட்டு வரும். பெறுமதிக்கு ஏற்ற வரி. அந்த அளக்கிற வேலை மிஸ்ஸுக்கு. நான் அளவு நாடா பிடிக்கிறவன். நாள்சம்பளம்.

ஆண்டு ஐந்து வரைதான் படித்தேன். எழுத்து மெதுவாக வரும். இலக்கம் கெதியாக வரும். முந்தி துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். அங்கே இலக்கம் தெரியாதவனுக்குக் கூலி குறையும்.

நாடாவின் நுனி என்ர கையில். பூச்சியம் இருக்கிற பக்கம். அதைச் சுவரின் மூலையில் அழுத்திப் பிடிக்க வேணும். மிஸ் நாடாப் பெட்டியோடு மற்ற மூலைக்குப் போவா. அங்கிருந்து, "மூலையோ?" என்று கேட்பா. "மூலை" என்பேன். பிறகு அளவைச் சொல்லுவா. சொல்லுவா என்றால், கூப்பிட்டுச் சொல்லுவா. குசினிக்குள் நிற்கிற மனிசிக்கும் கேட்கும். அடுத்த வளவில் உடுப்புக் காயப்போடுகிற மனிசிக்கும் கேட்கும். சொல்லி முடித்துத்தான் கொப்பியில் எழுதுவா. பேனையால் எழுதுவா. பென்சில் தொடமாட்டா. வெட்டினால் வெட்டினது தெரிய வேணும் என்பா.

ஆள் சின்ன ஆள். என்ர தோளுக்கு வராது. குரல் மட்டும் பெரிசு. நசீர் நானா சொல்லுவார், மிஸ் இங்கே நாடா இழுத்தால் கிண்ணியாவில் தன்ர மனிசி அடுப்பை மூட்டுவாவாம், மனுசன் வேலை முடிந்து வரப்போகிறார் என்று. மிஸ் சிரிக்கமாட்டா. ஆனால் அடுத்த வீட்டில் இன்னும் கொஞ்சம் உரத்துச் சொல்லுவா.

அவவுக்கு முதல் இருந்த ஐயா அப்படியில்லை. அளவை வாய்க்குள் வாசிப்பார். கொப்பியை நெஞ்சோடு சாய்த்து எழுதுவார். என்ன எழுதினார் என்று அவருக்குத்தான் தெரியும். என்னை டேய் என்பார். மிஸ் என்னை அண்ணை என்றா. வந்த முதல் நாளே. நீங்கள் என்றா. எனக்குக் கொஞ்சநாள் அது ஒத்துவரவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறா என்று திரும்பிப் பார்ப்பேன்.

சிலருக்குக் கோபம் வரும். ஒரு ஓய்வுபெற்ற மாஸ்டர் வெளியே வந்து, என்ர வீட்டு நீளத்தை ஏன் ஊருக்குச் சொல்லுகிறீர் என்று கேட்டார். மிஸ் சொன்னா, வீடு ரோட்டைப் பார்த்துத்தான் நிற்குது, சேர். அவர் உள்ளே போய்விட்டார்.

ஒருநாள் நானும் கேட்டேன். ஏன் மிஸ் கத்துறீங்கள் என்று. வானுக்குள் வைத்துச் சொன்னா.

அவ கிளிவெட்டி ஆள். வயல் சனம். அப்பாவுக்குச் சொந்த வயலில்லை, குத்தகைக்குச் செய்தவர். சூடடித்து முடிய களத்தில் நெல் அளப்பார்கள். அளக்கிறவன் மரைக்காலை நிரப்பிக் கொட்டக் கொட்ட எண்ணிக்கையை இழுத்துச் சொல்லுவான், பாட்டு மாதிரி. காணிக்காரனுக்கும் கேட்கும். குத்தகைக்காரனுக்கும் கேட்கும். வரம்பில் நிற்கிற கூலிக்காரனுக்கும் கேட்கும். பிறகு ஒருவரும் சண்டை பிடிக்க ஏலாது. ஒரு வருஷம் காணிக்காரர் புது ஆளைக் கொண்டுவந்தார். அவன் சத்தமில்லாமல் எண்ணினான். அந்த வருஷம் அடுத்த விதைப்புக்கு மூன்று மாதம் முதலே அவவின் வீட்டில் நெல் முடிந்துவிட்டது.

"வாய்க்குள்ள எண்ணினால் அது அளவில்லை அண்ணை" என்றா. "அது அவன்ர கதை."

பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தா. இதுக்கு மேல் அவ தன் வீட்டைப் பற்றி எனக்குச் சொன்னதில்லை. லிங்கநகரில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தா. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போவா. அவ்வளவுதான் தெரியும்.

இன்னும் சில பழக்கம். அளக்கிற வீட்டில் தண்ணியும் குடிக்கமாட்டா. கைப்பையில் போத்தல் இருக்கும். தகர வீடு என்றாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவா. பின்னேரம் கந்தோருக்கு வந்ததும் நாடாவை முழுக்க வெளியே இழுத்து ஈரத் துணியால் துடைப்பா. கடற்கரை மண் உள்ளே போனால் இலக்கம் அழிந்துவிடும். துடைக்கும்போது என்னை நுனியைப் பிடிக்கச் சொல்லுவா. அப்பவும் அதே கேள்வி வாயில் வரும். மூலையோ. பிறகு தானே வெட்கப்பட்டுக்கொள்ளுவா.

இப்ப திரேசாக்கா வீட்டுக் கதை.

திரேசாக்கா எங்கட ஒழுங்கையில் மூன்றாவது வீடு. மனுசன் கடலுக்குப் போய் வரவில்லை. விடிய நாலு மணிக்கு அடுப்பு. காஸ் வரிசையில் நின்று களைத்த வருஷத்தில் விறகுக்கு மாறினவ, பிறகு காஸுக்கு வரவேயில்லை. மழையில் எனக்கு வேலையில்லாத நாட்களிலும் என்ர பிள்ளைகளுக்கு இடியப்பம் வரும். கேட்காமல் வரும்.

எங்கட ஒழுங்கையை அளக்கிற நாள் வந்தது. அவவின் வீட்டில் நான் நாடா நுனியை மூலையில் வைக்கவில்லை. இரண்டு முழம் உள்ளே வைத்துப் பிடித்தேன். வீடு சின்னனாகும், வரி குறையும். மிஸ் மூலையோ என்றா. மூலை என்றேன். ஆறு மீற்றர் பத்து என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னா.

பிறகு எதிர்ப்பக்கச் சுவர். அங்கே நான் மறந்துபோய் நுனியைச் சரியான மூலையில் பிடித்துவிட்டேன். பழக்கம். ஏழு மீற்றர் என்று வந்தது.

மிஸ் கொப்பியைப் பார்த்தா. வீட்டைப் பார்த்தா. என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, உங்கட வீடு கோணலோ?"

திரேசாக்கா குசினி வாசலில் நின்று சொன்னா, "அது என்ர மனுசன் கட்டினது மிஸ். அவரும் கொஞ்சம் கோணல்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தா. நான் சிரிக்கவில்லை. திரும்ப அளந்தோம். ஏழு மீற்றர். கொப்பியில் ஆறு பத்தை வெட்டி ஏழு என்று எழுதினா. வெட்டு தெரிந்தது.

வானுக்குள் ஏறின பிறகு சொன்னா. "அவவுக்குக் குறைக்க வழி இருக்கு அண்ணை. அது நாடாவில இல்லை."

அடுத்த நாள் ஒரு படிவம் கொண்டுவந்தா. வருமானம் இல்லாதவர்கள் வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமாம். தானே நிரப்பினா. திரேசாக்காவிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினா. மூன்று மாதத்தில் பாதி குறைந்து வந்தது. அந்தக் கந்தோரில் எனக்குப் பதினொரு வருஷம். அப்படி ஒரு படிவம் இருக்கிறதே எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரும் எங்களுக்குச் சொல்லவுமில்லை.

திரேசாக்கா ஒருநாள் மிஸ்ஸிடம் கேட்டா, வரி எல்லாம் பெரிய ஆக்களின் விசயம்தானே, நான் இந்தச் சோலைவரியை விட்டால் என்ன வரி கட்டுறன் என்று. மிஸ் அவவின் கூடையைப் பார்த்தா. சவுக்காரம் என்றா. போன் காட் என்றா. பிள்ளையின் கொப்பி என்றா. ஒவ்வொன்றுக்குள்ளும் எவ்வளவு வரி என்று சொன்னா. நாடா அளவு சொல்லுகிற மாதிரியே, உரத்து. திரேசாக்கா கூடையை மறுபடி உற்றுப் பார்த்தா, உள்ளே ஏதோ ஒளித்திருக்கிற மாதிரி.

எங்கட ஒழுங்கைக்கு ஒரு வருத்தம் இருந்தது. தண்ணி.

கடற்கரைப் பக்கம் முந்தி ஒரு பள்ளக் காணி. மழைத் தண்ணி அதுக்குள்ளால்தான் கடலுக்குப் போகும். அதை மண் போட்டு நிரப்பித்தான் ஹோட்டல் எழும்பியது. நாலு மாடி. அதுக்குப் பிறகு மாரி வந்தால் தண்ணிக்குப் போக இடமில்லை. வீட்டுக்குள் வரும். முழங்கால் வரை நிற்கும். இறங்க நாலு நாள், அஞ்சு நாள். என்ர இளைய மகளுக்கு இழுப்பு. கட்டிலுக்குக் கீழே கல் அடுக்கி உயர்த்தி அவளை அதிலே இருத்துவோம். மாரி முடிய ஆஸ்பத்திரி. ஒவ்வொரு வருஷமும் இதுதான். ஒரு வருஷம் அவளுக்கு மூச்சு நின்று வந்தது.

ஹோட்டலைச் சுற்றிக் கான் வெட்டினால் தண்ணி ஓடும். கொங்கிறீற் வாய்க்கால். சபையிடம் கேட்டோம். காசில்லை என்றார்கள். ஒவ்வொரு வருஷமும் கேட்டோம். ஒவ்வொரு வருஷமும் காசில்லை.

தண்ணி நிற்கிற நாட்களில் ஹோட்டலில் இருந்து சாப்பாட்டுப் பார்சல் வரும். முதலாளி தானே கொண்டுவந்து தருவார். காற்சட்டையை மடித்துவிட்டு, தண்ணிக்குள் நடந்து, வீடு வீடாக. நல்ல சோறு. மீன் பொரியல், பருப்பு. பிள்ளைகளின் தலையைத் தடவுவார். அவர் எங்கட ஆள்தான். பக்கத்து ஒழுங்கையில் வளர்ந்து வெளிநாடு போய் வந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் பை கொடுத்தார். கோயிலுக்குக் கூரை போட்டார். தேவாலயத்துக்கும் மணி வாங்கிக் கொடுத்தார். நானும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். அதை மறைக்கவில்லை.

எங்கட ஒழுங்கையை அளந்து முடிந்த கிழமை மிஸ் வீடு வளவு எல்லாம் பதிந்த கந்தோர் இடாப்பைத் திருப்பிக்கொண்டிருந்தா. ஒரு பக்கத்தில் விரல் நின்றது. என்னைக் கூப்பிட்டு அந்த இலக்கம் எந்த இடம் என்று கேட்டா. ஹோட்டல் என்றேன். இடாப்பில் அது வெறுங்காணி. ஒரு ஓலைக் கொட்டில். ஹோட்டல் எழும்பி ஆறு வருஷம்.

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கேற் இல்லாத வீட்டை அளக்க லேசு. கேற் உள்ள இடத்தில் காவலுக்கு நிற்கிற வோச்சர் வந்து ஐயா இல்லை என்பான். முந்தின ஐயா அதோடு வானைத் திருப்பச் சொல்லுவார். எங்கட ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கும் கேற் இல்லை. ஆகவே நாங்கள் எல்லாரும் ஒரு விரற்கடையும் குறையாமல் இடாப்பில் இருந்தோம்.

மிஸ் போனா. ஐயா இல்லை. திரும்பப் போனா. ஐயா கொழும்பில். மூன்றாம் தரம் போய்க் கேற்றுக்கு முன்னால் குடையை விரித்துக்கொண்டு நிலத்தில் இருந்தா. மத்தியானச் சோற்றை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டா. வெள்ளைக்கார விருந்தாளிகள் போகவர அவவைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரி காசு நீட்டினா. வோச்சருக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலவில்லை. ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தான். மிஸ் கதிரையைத் தொடவில்லை. மூன்று மணிக்கு மனேஜர் வந்து வியாழக்கிழமை வாங்கோ என்றார்.

புதன்கிழமை காலமை தேத்தண்ணிக் கடையில் அந்த மனேஜர் என்ர பக்கத்தில் வந்து இருந்தார். எனக்கும் தேத்தண்ணி சொன்னார். பதினொரு வருஷம் நாள்சம்பளம் கஷ்டம்தானே என்றார். என்னைப் பேர்மனன்ட் ஆக்க முதலாளி ஒரு கதை கதைத்தால் காணும் என்றார். நான் என்ன செய்ய வேணும் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, நுனியைக் கொஞ்சம் உள்ளே பிடித்தால் சரி என்றார். ஒவ்வொரு சுவருக்கும் நாலைந்து அடி. பெரிய கட்டிடம், யாருக்குத் தெரியும்.

நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

வீட்டில் மனிசிக்குச் சொன்னேன். பேர்மனன்ட் என்றால் பென்சன் உண்டு என்றா. பிறகு மகளின் கட்டிலுக்குக் கீழே இருந்த கற்களைப் பார்த்தா. அவ அவ்வளவுதான் சொன்னா. நான் அந்தப் பார்வையை இரண்டு பக்கமும் எடுத்துப் பார்த்தேன். பென்சனுக்கும் சரிவந்தது. ஹோட்டல் வரி கட்டினால் வரக்கூடிய கானுக்கும் சரிவந்தது.

வியாழக்கிழமை. கேற்றடி.

பெண்கள் எங்களுக்கு முன்னமே வந்து நின்றார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. திரேசாக்கா முன்னுக்கு. மிஸ் வானால் இறங்க, திரேசாக்கா வழியில் நின்றா. சோறு தந்த மனுசனுக்கு வரி போட வந்தீங்களோ என்று கேட்டா. நீங்கள் போட்டுவிட்டுப் போய்விடுவீங்கள், அடுத்த மாரிக்கு எங்களுக்கு யார் பார்சல் தருவார் என்று கேட்டா. பின்னால் நின்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். என்னைப் பார்த்து, நீயும் சாப்பிட்டனீதானே என்றாள் ஒருத்தி. ஓம் என்றேன்.

முதலாளி வெளியே வந்தார். சத்தம் போடவில்லை. பெண்களைப் பார்த்துக் கும்பிட்டார். மனேஜர் இளநீரை நீட்டினார். மிஸ் தன்ர போத்தலை எடுத்துக் குடித்தா. நசீர் நானா மட்டும் ஒரு இளநீரை எடுத்தார். நான் அளக்கிறவன் இல்லை, ஓட்டுகிறவன் என்றார்.

முதலாளி சொன்னார், "தங்கச்சி, நான் இந்தச் சனத்துக்குச் செய்யிறது இந்த வரியைவிடக் கூட. இதைச் சபைக்குத் தந்தால் பாதி வழியில போயிடும். உமக்கும் தெரியும்."

மிஸ் போத்தலை மூடிக் கைப்பைக்குள் வைத்தா. அவர் சொன்னதில் பிழையில்லை என்று எனக்கே பட்டது.

"போகும்தான் ஐயா" என்றா. "எங்க போகுது எண்டும் கேக்கத்தான் வேணும். எவ்வளவு வந்தது எண்டு தெரிஞ்சால்தானே கேக்கலாம்."

பிறகு திரேசாக்காவிடம் திரும்பினா. கைப்பையில் இருந்து ஒரு தாளை எடுத்தா. இடாப்பில் இருந்து எழுதி வந்தது. அந்த இடாப்பை யாரும் வந்து பார்க்கலாம், கேட்டால் காட்ட வேணும் என்று முதலில் சொன்னா. பிறகு வாசித்தா. ஹோட்டல் இருக்கிற இடம், வெறுங்காணி, ஓலைக் கொட்டில் ஒன்று. திரேசாக்காவின் வீடு, கல் வீடு, தகரக் கூரை, பின்பத்தி. இரண்டுக்கும் வருஷ வரி. திரேசாக்கா அதுவரை கட்டினதைவிட ஹோட்டல் கட்டினது நூற்றி இருபது ரூபாய் குறைவு.

திரேசாக்கா அந்த நாலு மாடியையும் கீழே இருந்து மேலே வரை பார்த்தா. எனக்குத் தெரிந்து அவ அதை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு முதலாளியைப் பார்த்தா. அவர் நிலத்தைப் பார்த்தார்.

திரேசாக்கா மெதுவாகத்தான் கேட்டா, அப்ப பார்சல் என்று.

"பார்சல் ஐயா நினைச்சால் வரும் அக்கா" என்றா மிஸ். "கான் ஆரும் நினைக்காமலே ஓடும்."

திரேசாக்கா ஒதுங்கி நின்றா. வழி விட்டா. வீட்டுக்குப் போகவில்லை.

உள்ளே போனோம். பெண்களும் உள்ளே வந்தார்கள். வோச்சர் மறிக்கப் பார்த்தான், முதலாளி கையைக் காட்டினார், விட்டான். முதல் சுவர். மூலை. நான் நுனியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். மனேஜர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

மிஸ் நுனியைத் தரவில்லை. நாடாப் பெட்டியை என்ர கையில் வைத்தா.

"இண்டைக்கு நீங்கள் வாசியுங்கோ அண்ணை. நான் மூலை பிடிக்கிறன்."

தேத்தண்ணிக் கடைக் கதை அவவுக்கு எப்படியாவது தெரிந்ததோ, திரேசாக்கா வீட்டுக் கோணல் மனதில் இருந்ததோ, இல்லை அன்றைக்குக் குரல் களைத்திருந்ததோ. நான் கேட்டதில்லை. அவவும் சொன்னதில்லை. ஒன்று மட்டும் தெரியும். நுனி என்ர கையில் இருந்திருந்தால் நான் எங்கே பிடித்திருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

பெட்டியோடு நடந்தேன். நாடா நீண்டுகொண்டு வந்தது. மற்ற மூலைக்கு வந்தேன். இந்தத் தரம் நான்தான் கேட்க வேணும். கேட்டேன்.

"மூலையோ?"

"மூலை" என்றா மிஸ், அந்தத் தொங்கலில் இருந்து.

இலக்கத்தைப் பார்த்தேன். சொன்னேன். வாய்க்குள்தான் சொன்னேன். மனேஜர் கிட்ட நின்றார். மிஸ் கேக்கேல்லை என்றா. திரும்பச் சொன்னேன். நாற்பத்திரண்டு மீற்றர் அறுபது.

பின்னால் இருந்து திரேசாக்கா சொன்னா, நாற்பத்திரண்டு அறுபது.

அடுத்த சுவர். நான் சொன்னேன். திரேசாக்காவும் இன்னும் இரண்டு பேரும் திருப்பிச் சொன்னார்கள். மூன்றாவது சுவருக்கு எல்லாரும். செபமாலை மாதிரி இருக்கு என்றார் நசீர் நானா, இளநீரோடு நின்று. ஒரு மாடி முடிய அடுத்த மாடி. படி ஏறினோம். பெண்களில் பாதிப் பேர் அந்தப் படியை அன்றைக்குத்தான் முதல் மிதித்தார்கள். குளிர் அறை, கண்ணாடிக் கதவு, கடலைப் பார்த்த நீச்சல் குளம். ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. அளவை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு முடிந்தது. மிஸ் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதியிருந்தா. ஒரு வெட்டும் இல்லை.

முதலாளி கேற் வரை வந்தார். தங்கச்சி, முந்தி எனக்கு ஒருத்தரும் அளந்து சொல்லவில்லை என்றார். அது உண்மையும்தான். பொய்யும்தான்.

அவர் ஆட்சேபனை போட்டார். அது அவருடைய உரிமை என்றா மிஸ். மேலே இருந்து ஆட்கள் வந்தார்கள். சிவப்பு வெளிச்சம் அடிக்கிற மெசினால் திரும்ப அளந்தார்கள். எங்கட நாடாவுக்கும் அவர்கள் மெசினுக்கும் முழுக் கட்டிடத்திலும் நாலு விரல் வித்தியாசம். புது வரி வந்தது. எட்டு மாதம் இழுத்துக் கட்டினார். கட்டினார்.

அந்த மாரிக்குப் பார்சல் வரவில்லை. தண்ணி வந்தது. சில பெண்கள் மிஸ்ஸை ஏசினார்கள். திரேசாக்கா இரண்டு அடுப்பு மூட்டி ஒழுங்கைக்கெல்லாம் கஞ்சி காய்ச்சினா. ஒருவரையும் ஒன்றும் சொல்லவில்லை.

சபைக் கூட்டம் நடக்கிறபோது பொதுமக்கள் வந்து பின்னுக்கு இருந்து கேட்கலாம் என்று மிஸ் அவவிடம் சொல்லியிருந்தா. அதுவும் எங்களுக்குத் தெரியாத ஒன்று. திரேசாக்கா அடுத்த கூட்டத்துக்குப் போனா. இடியப்பக் கூடையோடு. நாலு பேரையும் கூட்டிக்கொண்டு. அதுக்கு அடுத்த கூட்டத்துக்கு ஒன்பது பேர். கான் எங்கே என்று கேட்டார்கள். காசில்லை என்று பதில் வந்தது. திரேசாக்கா எழும்பி நின்று ஹோட்டலின் அளவைச் சொன்னா. ஒவ்வொரு சுவரும், ஒவ்வொரு மாடியும். அவவுக்கு எழுத வாசிக்கக் கஷ்டம். பாடமாக இருந்தது. பிறகு அந்த அளவுக்கு எவ்வளவு வரி வந்தது என்று சொன்னா. அது எங்கே என்று கேட்டா. சபையில் பெரியவர் தண்ணி குடித்தார். பேப்பரைப் புரட்டினார். அடுத்த கூட்டத்தில் சொல்லுகிறேன் என்றார். அடுத்த கூட்டத்துக்கும் அவ போனா.

ஒன்றரை வருஷம் எடுத்தது. கான் வெட்டத் தொடங்கின மாதம் மிஸ்ஸுக்கு மாற்றம் வந்தது. தூர இடம். மலைப் பக்கம். ஏன் என்று கடிதத்தில் இல்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை போனேன். கவலையோ என்று கேட்டேன். அங்கேயும் வீடுகளுக்கு மூலை இருக்கும்தானே என்றா. நாடாவை என்னிடம் தந்தா, துடைத்துவிட்டு. கிழமைக்கு ஒருக்கா துடையுங்கோ அண்ணை என்றா. பஸ் வெளிக்கிட்டது. கையைக் காட்டினா. அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்த எல்லாரையும் ஒன்றாக நிரந்தரம் ஆக்கினார்கள். நானும் ஒருவன். எனக்காக ஒருவரும் கதைக்கவில்லை. கதைக்கத் தேவையும் வரவில்லை.

இந்த மாரிக்கு மூன்று நாள் விடாமல் பெய்தது. கான் நிறைந்து ஓடியது. ஹோட்டல் மதிலைச் சுற்றி, கடலுக்கு. சத்தம் கேட்டது. நாலாம் நாள் காலமை மழை விட்டது. போன் அடித்தது. மிஸ். சுகமோ என்று கேட்கவில்லை. எத்தனை வீட்டுக்குள் தண்ணி என்று கேட்டா.

தெரியாது என்றேன். நில்லுங்கோ, பார்த்துச் சொல்லுகிறேன் என்றேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். என்ர வீட்டு நிலம் காய்ந்திருந்தது. மகள் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடு காய்ந்திருந்தது. திரேசாக்கா வாசலில் கோழி நின்றது. ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்தேன். போன மாரிக்கு நாற்பத்தொரு வீட்டுக்குள் தண்ணி. இந்த மாரிக்குக் கடைசி வளைவில் மட்டும்தான். அங்கே கான் இன்னும் வரவில்லை. அடுத்த வருஷக் காசில் என்று சபை எழுதித் தந்திருக்கு. திரேசாக்கா அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறா.

திரும்ப ஒருக்கா எண்ணினேன். பிறகு போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

ஏழு.